ஏறும் இடம், இறங்கும் இடம்: சென்னையின் பள்ளிப் பயணங்களில் ஆபத்து எங்கே இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகள் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் பள்ளிப் பேருந்துகளை ஏதாவதொரு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒவ்வொரு வண்டியாக ஏறுவார். அவசரகால வழியின் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். தீயணைப்புக் கருவியில் காலாவதித் தேதியைத் தேடுவார். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் இருக்கின்றனவா என்று கிளறுவார். தரை விரிப்பைத் தூக்கிவிட்டுக் காலால் அழுத்திப் பார்ப்பார். சில நாட்களில் மாவட்ட ஆட்சியரே நேரில் வருவதுண்டு. ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாமும் உடன் நடக்கும். மறுநாள் செய்தித்தாளில் எத்தனை வண்டிகள் தேறின, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன என்று கணக்கு வந்துவிடும்.

தேவையான வேலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மைதானத்தில் நிற்கும் அந்த வண்டியில் குழந்தைகள் இல்லை. ஏறுகிற குழந்தை, இறங்குகிற குழந்தை, மறந்துவிட்ட டிபன் பாக்ஸுக்காகத் திரும்பி ஓடுகிற குழந்தை ஆகிய மூவரையும் எந்த ஆய்வாளரும் சோதிக்க முடியாது. நம் சட்டம் வண்டியை நன்றாகவே பார்க்கிறது. குழந்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் நேரத்தைத்தான் அது சரியாகப் பார்ப்பதில்லை. பயணம் நீளமாக நீளமாக இந்தக் கைமாற்றங்களும் கூடுகின்றன.

இந்த விதிகள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தாலே இது புரியும். 1997 நவம்பர் 18 அன்று, டெல்லி வசீராபாதில் ஒரு பள்ளிப் பேருந்து பாலத்திலிருந்து யமுனையில் விழுந்தது. 28 மாணவர்கள் இறந்தார்கள். அளவுக்கு மீறிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. இரண்டு நாட்களில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் மேலும் விரிவாக்கியது. கனரக வாகனம் ஓட்டி ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஓட்டுநர், வேகக் கட்டுப்பாடு, ஜன்னலில் குறுக்குக் கம்பி, பூட்டக்கூடிய கதவு, பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், உடன் செல்ல ஓர் உதவியாளர் என்று இன்று நாம் சர்வ சாதாரணமாகப் பார்க்கும் பலவும் அங்கே தொடங்கியவை.

அடுத்தது நம் ஊர். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தகுதிச் சான்று பெற்ற பேருந்து அது. ஆய்வாளர்கள் இன்று தரை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதற்குக் காரணம் அந்தச் சிறுமிதான். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 28 அன்று, வளசரவாக்கத்தை அடுத்த ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் இன்னொரு மரணம். மீண்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைதான். வேனிலிருந்து இறங்கிவிட்ட சிறுவன் மறந்துவைத்த பொருளை எடுக்கத் திரும்பி வந்தான்; வேன் அவன் மீது ஏறியது. இந்த முறை தரையில் ஓட்டை இல்லை. விதி சொல்லும் உதவியாளரும் இருந்தார்; ஓட்டுநரோடு அவரையும் போலீஸ் கைது செய்தது. அதே ஆண்டில் விதிகளில் திருத்தம் வந்தது: வண்டியின் முன்னும் பின்னும் கேமரா, தடை இருந்தால் ஒலி எழுப்பும் சென்சார்.

மூன்று சம்பவங்களுக்கும் பதிலாக வண்டியில் ஏதோ ஒன்றைச் சேர்த்தோம். முதல் இரண்டில் கோளாறு வண்டியிலும் அதை ஓட்டிய விதத்திலும் இருந்ததால் அது பொருந்தியது. மூன்றாவதில் கோளாறு வேறு. குழந்தை இறங்கிய பிறகு அதன்மேல் யாருடைய கண் இருந்தது என்பதே அங்கே கேள்வி. கேமரா ஓரளவுக்கு உதவும். ஆனால் பின்பக்கக் கேமராவைப் பார்க்கும் நேரத்தில் ஓட்டுநர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அவருக்கு இருப்பது இரண்டே கண்கள்.

பள்ளிப் பேருந்துக் கலாச்சாரம் பழகிப்போன அமெரிக்காவில் ஓட்டுநர் பயிற்சியிலேயே ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள்: பேருந்தைச் சுற்றிப் பத்தடி தூரம் ஆபத்து வளையம். பேருந்துக்குள் அமர்ந்திருக்கும் பிள்ளையைவிட, ஏறவோ இறங்கவோ போகும் பிள்ளைக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம். அதனால்தான் அந்த ஊரில் பேருந்து நின்றதும் பக்கவாட்டில் சிவப்புத் தட்டு ஒன்று நீள்கிறது. மற்ற வண்டிகள் நின்றாக வேண்டும். இங்கே அப்படியொரு தட்டை நீட்டினால் பைக்காரர்கள் அதற்கு அடியில் குனிந்து போய்விடுவார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் பத்தடிக் கணக்கு இங்கேயும் பொருந்தும். ஆறு வயதுக் குழந்தை நான்கடி உயரம்கூட இருக்காது. பெரிய பேருந்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, முன்பக்கத்தை ஒட்டி நடக்கும் அந்தக் குழந்தை தெரியவே தெரியாது.

இதில் பெற்றோர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. காலையில் வேன் வீட்டுப் பக்கமாகவே வந்து நிற்கிறது. குழந்தையை ஏற்றிவிட்டுக் கையசைத்துவிட்டு உள்ளே போகிறோம். மாலையில் அதே வேன் எதிர்த் திசையில் வருகிறது. இறக்கிவிடுவது சாலையின் மறுபக்கத்தில். காலையில் பெரியவர் துணையோடு, கடக்கத் தேவையில்லாத சாலை. மாலையில் களைத்துப்போய், பை முதுகை இழுக்க, பசியோடு கடக்க வேண்டிய சாலை. வாசலில் அம்மாவைப் பார்த்ததும் வண்டியின் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ ஓடிவரத்தான் பிள்ளைக்குத் தோன்றும். வேன் பேசும்போது மாதக் கட்டணத்தைக் கேட்கிறோம், நேரத்தைக் கேட்கிறோம்; மாலையில் எந்தப் பக்கம் இறக்குவீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஓட்டுநர் ஒரு யூ டர்ன் எடுத்து வந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது. அல்லது பெரியவர் யாராவது அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். வண்டி நகர்ந்து போன பிறகே கடப்பது என்ற பழக்கத்தையும் வீட்டில் சொல்லித் தரலாம்.

வண்டியில் உடன் வரும் ஆயாவைப் பற்றியும் பேச வேண்டும். விதிப்படி அவர்தான் இந்தக் கைமாற்றத்தின் காவலர். நடைமுறையில் காலையில் வகுப்பறையைப் பெருக்குபவரும் மதியம் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுபவரும் மாலையில் வண்டியில் ஏறுபவரும் பல பள்ளிகளில் ஒருவரே. வழியில் தன் வீடு வந்ததும் இறங்கிவிடும் வழக்கமும் உண்டு. அதற்குப் பிறகு கடைசி ஸ்டாப் வரை வண்டியில் ஓட்டுநரும் ஒன்றிரண்டு பிள்ளைகளும் மட்டுமே. தொலைவிலிருந்து வரும் பிள்ளைதான் காலையில் முதலில் ஏறுகிறது, மாலையில் கடைசியாக இறங்குகிறது. மேற்பார்வை மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதற்கே வாய்க்கிறது. அடிபடும் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், பாலியல் சீண்டல் பற்றிய அச்சமும் இந்த நேரத்தைப் பற்றியதுதான். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை ஆயா இருப்பாரா என்று பள்ளியிடம் கேட்பது யாரையும் சந்தேகிப்பதாகாது. நேர்மையான ஓட்டுநருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கடைசி ஸ்டாப்பில் இன்னொரு வகை விபத்தும் காத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் மூன்று வயதுச் சிறுமி மழலையர் பள்ளிப் பேருந்திலேயே விடப்பட்டு, வெப்பத்தில் இறந்தாள். ஒரு வாரத்துக்குள் கத்தாரில் கேரளத்தைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தைக்கும் அதே கதி. பிள்ளை தூங்கிப்போனது, வண்டி பூட்டப்பட்டது. ஜப்பான் அடுத்த ஏப்ரலிலேயே, குழந்தை உள்ளே இருந்தால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. அதில் ஒரு வகை மிக எளிமையானது: இயந்திரத்தை அணைத்ததும் அலறத் தொடங்கும்; நிறுத்த வேண்டுமானால் ஓட்டுநர் வண்டியின் கடைக்கோடி வரை நடந்துபோய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நடையில் ஒவ்வொரு இருக்கையும் கண்ணில் பட்டுவிடும். சென்னை வெயிலுக்கு இந்தக் கருவி இன்னும் வரவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் நடக்கலாமே. வண்டியைப் பூட்டும் முன் கடைசி இருக்கை வரை போய் வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் முதல் பாடவேளைக்குள் வீட்டுக்குத் தகவல் போகும் முறையும் இதே நோய்க்கு மருந்துதான்.

இதுவரை சொன்னதெல்லாம் மஞ்சள் வண்ணப் பேருந்தில் போகும் பிள்ளைகளைப் பற்றியது. அதற்குக் கட்டணம் கட்ட முடியாத, அல்லது பேருந்தே விடாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறிதல்ல. அவர்களுக்கு ஆட்டோவும் ஆம்னி வேனும்தான். மூன்று பேர் உட்கார வேண்டிய ஆட்டோவில் பின்னிருக்கையில் நால்வர், அவர்கள் எதிரே போட்ட பலகையில் மூவர், ஓட்டுநரின் இருபக்கமும் ஒவ்வொருவர், வெளியே கொக்கியில் தொங்கும் பைகள். இதைப் பார்க்காத சென்னைக்காரர் இல்லை. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை எண் பலகையோடு பள்ளி டிரிப் அடிக்கும் வேன்களும் ஓடுகின்றன. அவை பயணிகள் வாகனமாகப் பதிவாகவில்லை என்பதால், விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதல் ஆட்சேபமே அதுவாக இருக்கும். வேன் அண்ணாவின் குணம் தங்கமானதாக இருக்கலாம். எண் பலகை மஞ்சளா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. டீசல் விலை, வண்டிக் கடன், மாதத் தவணை எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்தால் ஒரு டிரிப்பில் கட்டுப்படியாகாது. ஆகவே இரண்டு டிரிப். முதல் டிரிப்பில் ஏறும் பிள்ளை பள்ளி திறப்பதற்கு வெகு முன்னதாகவே வாசலில் வந்து நிற்கிறது. காவலாளி கேட்டைத் திறக்கும்வரை நடைபாதையே மைதானம். இரண்டாம் டிரிப் பிள்ளைக்காக ஓட்டுநர் அவசரப்படுகிறார். தாமதமானால் பள்ளியில் பிள்ளைக்குத் தண்டனை, அதற்காக வீட்டில் ஓட்டுநருக்கு வசவு. தாமதமாக வந்தாலும் கேள்வி இல்லாமல் உள்ளே விடும் பள்ளி, ஓட்டுநரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைவிட மலிவான வழி இது.

இரு சக்கர வாகனத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 பிப்ரவரி முதல், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் வார்ப்பட்டையும், ஒன்பது மாதம் ஆகிவிட்டால் அளவான ஹெல்மெட்டும் தேவை. அந்த வயதுக் குழந்தை இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், பின்னால் இரண்டு பிள்ளைகள் வெறுந்தலையோடு இருப்பார்கள். சென்னைக் காலையின் வழக்கமான காட்சி. ஆனால் எல்லாமே பெற்றோர் கையில் இல்லை. 2025 ஜூனில் பெரம்பூரில், தாயின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி லாரி மோதி இறந்தாள். பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களுக்கு இருந்த தடை அன்று காகிதத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு போக்குவரத்து போலீஸ் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், தடை கடுமையாக்கப்பட்டது. தண்ணீர் லாரியையும் கான்கிரீட் லாரியையும் காலை எட்டு மணிக்குத் தெருவில் பார்த்தால் படம் எடுத்துக் காவல்துறைக்கு அனுப்புவது அக்கப்போர் இல்லை. அந்தத் தடை உயிரோடு இருக்க அதுவே வழி.

ஜி.பி.எஸ். செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி வேளச்சேரி தாண்டிவிட்டது என்று அது காட்டும். பிள்ளை அந்த வண்டியில் இருக்கிறதா என்று காட்டாது. ஏறியதும் இறங்கியதும் பெயர் சொல்லி டிக் அடிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆயாவின் கையில் இருந்தால் அது செயலியைவிட அதிகம் சொல்லும். வழக்கமாக அழைத்துப் போகாத யாராவது வந்து நின்றால் பிள்ளையை அனுப்பாமல் வீட்டுக்குப் போன் செய்யும் கட்டுப்பாடும் அந்த நோட்டுப் புத்தகத்தோடு சேர்ந்ததுதான். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக யார் வேண்டுமானாலும் 1098-ஐ அழைக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

இனி, மாநகரப் பேருந்து. சென்னையில் மிக நீண்ட பள்ளிப் பயணங்கள் நடப்பது இங்கேதான். ஆனால் பள்ளிப் பேருந்து விதிகளில் ஒன்றுகூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்பதால் மாணவிகளுக்கு அட்டைகூடத் தேவையில்லை. காசு தடையில்லை. ஏழு மணியிலிருந்து எட்டரை மணி வரை பேருந்துக்குள் நிற்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. புத்தகப் பை முதுகில் இருக்கும் பிள்ளை ஒன்றரை ஆள் இடத்தை அடைக்கும். வேலைக்குப் போகும் கூட்டமும் அதே பேருந்தில். பிள்ளைகள் படிக்கு வந்துவிடுகிறார்கள்.

2012 டிசம்பர் 10 அன்று பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி அருகே, மாநகரப் பேருந்தின் படியில் நின்று போன நான்கு மாணவர்கள் லாரி மோதி இறந்தார்கள். அன்றிலிருந்து படிக்கட்டுப் பயணம் பற்றி ஆண்டுதோறும் எச்சரிக்கை வருகிறது. படியில் தொங்கும் பையன்களில் வீரம் காட்டத் தொங்குபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. உள்ளே காலியாக இருந்தாலும் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். ஆனால் வேறு வழியின்றி நிற்பவர்களையும் அவர்களோடு சேர்த்து ஒரே பிரம்பால் அடிக்கிறோம். 2023-இல் புறநகரில் ஒரு பேருந்தை வழிமறித்து, படியில் நின்ற மாணவர்களை ஒருவர் அடித்து இறக்கிய வீடியோ பரவியபோது, அதற்குக் கைதட்டியவர்கள்தான் அதிகம். அடுத்த பேருந்து எத்தனை நிமிடம் கழித்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

புதிய தாழ்தளப் பேருந்துகளிலும் மின்சாரப் பேருந்துகளிலும் தானியங்கிக் கதவு உண்டு. படியில் தொங்குவது அவற்றில் முடியாது, நல்லது. ஆனால் கதவு மூடினால் கூட்டம் மறைந்துவிடாது, நிறுத்தத்திலேயே நின்றுவிடும். இரண்டு பேருந்துகளை விட்ட பையன் மூன்றாவதில் தாமதமாகப் போகிறான், அல்லது அன்று போகாமலே விட்டுவிடுகிறான். அல்லது போகிற வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறான். கதவோடு கூடுதல் பேருந்தும் வர வேண்டும். 2025-இல் மாநகர் போக்குவரத்துக் கழகம் மாணவர்களுக்கு மட்டுமான சிறப்புப் பேருந்துகளை விடத் தொடங்கியது. பள்ளி வாசலிலேயே ஏற்றி இறக்கும் இந்த ஏற்பாடு, நான் மேலே சொன்ன கைமாற்றங்களில் ஒன்றிரண்டை ஒரேயடியாகக் குறைத்துவிடுகிறது. எந்த எச்சரிக்கைப் பலகையையும்விடப் பயனுள்ள நடவடிக்கை.

ஆனால் பிள்ளைகள் ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள்? கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நடுத்தர வர்க்கம் அந்த எல்லையைத் தானாக விரும்பித் தாண்டுகிறது: நல்ல பெயர் வாங்கிய பள்ளி அண்ணா நகரில், வீடு வண்டலூரில். அது அவர்கள் தேர்வு. தினமும் மூன்று மணி நேரம் வண்டியில் கழிக்கும் பிள்ளையின் தூக்கமும் விளையாட்டும் அதற்கான விலை என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் போதும். கழிப்பறைக்குப் பயந்து காலை முதல் தண்ணீரே குடிக்காமல் போகும் பெண் பிள்ளைகள் இந்த வீடுகளிலும் இருக்கிறார்கள்.

விரும்பாமல் தாண்டியவர்கள் வேறு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. கல்வியாண்டின் நடுவிலேயே லாரியில் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனது. பிள்ளையின் பள்ளி நுங்கம்பாக்கத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலுமே இருந்தது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளை பள்ளியை மாற்ற முடியாது. விடியும் முன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, இருட்டிய பிறகு திரும்பினார்கள். சிலர் அதை விடாமல் செய்தார்கள். சிலர் பாதியில் படிப்பை நிறுத்தினார்கள்.

இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பு, எச்சரிக்கைப் பலகையிலும் இல்லை, மே மாத ஆய்விலும் இல்லை. அது இந்தக் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் நாட்காட்டியில் இருக்கிறது. மறுகுடியமர்வு தவிர்க்கவே முடியாது என்றால் ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு செய்யலாம். வீட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே பக்கத்துப் பள்ளியில் சேர்க்கைக்கான மேசையையும் போடலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருப்பவர்களுக்கு அந்த ஓராண்டுக்காவது பழைய பள்ளி வரை நேரடிப் பேருந்து வேண்டும்: காலை ஆறரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப ஒன்று.